மூன்றாம் பந்திப் படம்

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த ராஜராஜன், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊரிலேயே காது குத்திவிடுவது என்று முடிவு செய்தபோது, பந்தலிலிருந்து தாம்பூலப் பை வரைக்கும் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். கூடவே ஒரு கேமராவும், டிபன் டப்பா அளவில் வெள்ளையாய் ஒரு பிரிண்டரும் கொண்டுவந்திருந்தார்.

“ஃபோன்ல அனுப்பினா யாரு கயலு திரும்பிப் பாக்குறா? வர்றவங்க போறப்ப கையில அவங்க போட்டோ இருக்கணும். பிரேம் போட்டு வெச்சுக்குவாங்க” என்றார் தம்பி மனைவியிடம்.

“நல்லாத்தான் இருக்கும் மாமா” என்றாள் கயல்விழி. அந்த வேலை தன் தலையில்தான் விடியும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் வேலை பார்த்திருந்தாள். அது போதுமானதாக இருந்தது. “உனக்குத்தான் மிஷின் பழக்கமாச்சே” என்று முதல் நாள் சாயங்காலமே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார். கார்டை இங்கே செருக வேண்டும். தாள் தட்டு இது, கலர் ரிப்பன் இது. தாள் உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, நாலு தடவை ஓடும். நடுவில் கை வைக்கக் கூடாது. ஃபேன் போடவே கூடாது. தூசி விழுந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி வந்துவிடும்.

குத்தாலத்தை ஒட்டிய அந்தக் கிராமத்தில் ஆனி வெயில் அன்று காலையிலேயே ஏறிவிட்டது. கருக்கலில் எழுந்து, வாசல் தெளித்து, வந்து தங்கியிருந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு கயல்விழியும் போனாள். மொட்டை அடித்து முடிவதற்குள் ராஜராஜன் கேமராவிலிருந்து ஒரு கார்டைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டார். “நீ வீட்டுக்குப் போயி ஆரம்பிச்சுடு. இன்னொரு கார்டு வெச்சிருக்கேன், மாத்தி மாத்தி அனுப்புறேன்.” குழந்தைகள் காதில் ஊசி ஏறியபோது அவள் பாதி வழியில் இருந்தாள்.

வீட்டு வாசலில் பந்தலுக்குள் அவளுடைய அப்பா அமிர்தலிங்கம் நின்றுகொண்டிருந்தார். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் மஞ்சள் துணிப்பை, அதற்குள் பிள்ளைகளுக்கு எடுத்த துணி.

“கோயிலுக்கு வரலாம்னுதான் பாத்தேன், பஸ் லேட்டு” என்றார். சுகர்காரர் அவர். “காலையில ஊசி போட்டுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி சாப்ட்டேன். அது போதும்மா.”

“மொதப் பந்தியிலயே உக்காந்துடுங்கப்பா. இவங்ககிட்டச் சொல்லிடுறேன்.”

சாமான் இறக்கிக்கொண்டிருந்த பரணிதரனிடம் போய், “அப்பா வந்திருக்காங்க. சுகரு. கொஞ்சம் பாத்துக்குங்க” என்றாள். “ம்” என்றான் கணவன், தோளில் அரிசி மூட்டையோடு.

பிறகு அவள் பிரிண்டர் வைத்திருந்த பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் கார்டு முடிவதற்குள்ளேயே முதுகில் சேலை ஒட்டிக்கொண்டது. தாள் முதல் ஓட்டத்தில் வெறும் மஞ்சளாய் வந்தது, வெயிலில் வெளுத்த பழைய நோட்டீஸ் மாதிரி. அடுத்ததில் சிவப்பு ஏறி எல்லார் முகமும் காய்ச்சல்காரர் முகமானது. மூன்றாவதில் நீலம் வந்த பிறகுதான் அவரவர் அவரவராக ஆனார்கள். நாலாவதில் பளபளப்பு. கைக்கு வந்ததும் இரண்டு ஓரத்திலும் துருத்திய காகிதத்தைக் கிழித்துவிட்டு அடுக்க வேண்டும். அப்புறம் அடுத்தது. நடுநடுவே பிரிண்டர் சூடேறிப்போய்த் தானாக நின்றது. அது ஆறுகிற நேரம்தான் அவளுக்கும் ஓய்வு. அப்போதும் வெளியே இருந்து யாராவது, “கயலு, எலக்கட்டு எங்க வெச்சே?” என்று கத்தினார்கள்.

இரண்டாவது கார்டை ராஜராஜனின் மனைவி குந்தவை கொண்டுவந்தாள். பட்டுச் சேலை, தலை கொள்ளாத மல்லிகைப்பூ. “ஐயோ, என்னடி இப்படி வேர்க்குது ஒனக்கு” என்றாள். கார்டைக் கொடுத்துவிட்டு, அச்சான படங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கார்டில் பந்தி தொடங்கியிருந்தது. ராஜராஜனின் மாமனார் வீட்டார் வரிசையாய் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று. அவர்களுக்குப் பின்னால் பந்தல்காலை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மஞ்சள் பையோடு அப்பா. பார்த்ததும் கயல்விழிக்குச் சந்தோஷமாக இருந்தது. நீல ஓட்டம் முடிந்து அப்பாவின் சட்டை நிறம் தெரிந்தது. அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. முதல் பந்தி நிரம்பியிருக்கும், அடுத்ததில் உட்காருவார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னும் நாலைந்து படம் தள்ளி மறுபடியும் பந்தி. சாப்பிடுகிறவர்கள் மாறியிருந்தார்கள். அப்பா அதே நாற்காலியில் இருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். எழுந்துபோய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. காலெல்லாம் கனத்துக் கிடந்தது. அதற்குள் தாள் தீர்ந்தது. தட்டை இழுத்து நிரப்பினாள். ரிப்பன் தீர்ந்தது. மாற்றினாள்.

மூன்றாவது கார்டு வந்தபோது அவளுக்குக் கண்ணே சொருகியது. ராஜராஜனின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள், தோளில் தோள் போட்டுக்கொண்டு, வெற்றிலை போட்ட வாயோடு சிரிக்கிற படம். பிரிண்டரின் சின்னத் திரையில் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. மஞ்சள் வந்தது. சிவப்பு வந்தது. நீலம் முடிந்து தாள் வெளியே வந்தபோது, சிரிப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அப்பா தெரிந்தார். தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. வாய் லேசாய்த் திறந்திருந்தது. மஞ்சள் பை மடியில் இல்லை, தரையில் கிடந்தது.

தாள் நாலாவது ஓட்டத்துக்கு உள்ளே போனது. அது திரும்பி வரும் முன் கயல்விழி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பந்தலில் நாலாவது பந்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அப்பாவின் பக்கத்திலேயே நின்று, மேட்டூர் திறந்தும் தண்ணீர் கடைமடைக்கு வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தூங்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். தொட்டால் உடம்பு ஈரமாய், சில்லென்று இருந்தது.

“அப்பா. அப்பா!”

கண் திறந்தது. ஆனால் அவளை யாரென்று பார்க்கவில்லை. “பஸ்ஸு...” என்று குழறினார்.

அவள் சமையல் கொட்டகைக்குப் பாய்ந்தாள். “அப்பாவுக்கு சுகர் எறங்கிடுச்சு. ஜீனி எங்கே? ஜீனி!” சமையல்காரர் கேள்வி கேட்காமல் டப்பாவைத் தள்ளினார். ஒரு பிடியை அள்ளித் தம்ளர் தண்ணீரில் போட்டு விரலாலேயே கலக்கினாள். விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். பாதி சட்டையில் வழிந்தது. சுற்றிலும் கூட்டம் கூடியது. “காத்து விடுங்க” என்று யாரோ சொன்னார்கள். யாரும் நகரவில்லை.

தம்ளர் காலியானதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அமிர்தலிங்கம் மகளைப் பார்த்தார். தரையில் கிடந்த பையைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்து வெட்கப்பட்டார்.

“ஏம்ப்பா சாப்பிடல?” என்றாள். அவள் குரல் அவளுக்கே கோபமாகக் கேட்டது.

“சம்பந்தி வீடும்மா. யாரும் வந்து கூப்பிடாம நாமளா எப்படி எலயில போயி உக்கார்றது? கூப்புடுவாங்கன்னு இருந்தேன்.”

பரணிதரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. “நான் பாத்தேன் கயல். உக்காந்திருந்தாங்க. சாப்ட்டுட்டுத்தான் உக்காந்திருக்காங்கன்னு...” அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். இருவருமாக அவரைத் தாங்கிப் பிடித்துப் பின்கட்டு அறைக்குக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தார்கள். கயல்விழி ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். மேசை மேலிருந்த படங்கள் பறந்து தரையெல்லாம் விழுந்தன.

ராஜராஜன் அப்போதுதான் உள்ளே வந்தார். தெருவில் கார் பக்கத்தில் சிநேகிதர்களை வழியனுப்பிக்கொண்டிருந்ததில் அவருக்கு நடந்தது தெரியாது. “என்ன கயலு, ஃபேனப் போட்டுட்டே? அவங்கள்லாம் கார்ல ஏறி உக்காந்துட்டாங்க, படம் கேக்குறாங்க...”

“எங்கப்பா மயங்கிட்டாங்க மாமா. இன்னும் சாப்பிடல. நான் போயி எல போடணும்.”

“அச்சச்சோ” என்றார் அவர். நிஜமாகவே பதறினார். “சாப்பிடலியா? யாருமே கவனிக்கலியா?”

“இல்ல.” அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதற்கான தெம்பு இல்லை. “படத்த நீங்களே பாத்துக்குங்க மாமா. எனக்கு முடியல.”

அவள் தலைவாழை இலையோடு திரும்பி வந்தபோது குந்தவை பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த அடுத்த தாளைப் பிடித்து இழுத்ததில் அது உள்ளே சிக்கிவிட்டது. சிநேகிதர்களின் படம் மட்டும் முழுதாய்த் தட்டில் வந்து கிடந்தது. ராஜராஜன் ஓரத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினார். “மத்ததெல்லாம் வாட்ஸ்அப்ல போட்டுடுறேன்டா” என்று தெருவில் அவர் சொல்வது கேட்டது. “படம் சூப்பரா வந்திருக்குடா மாப்ள” என்று ஒருவர் சொல்வதும் கேட்டது. கார் கிளம்பிப் போயிற்று.

அப்பளமும் வடையும் தீர்ந்திருந்தன. சாம்பார் ஆறிப்போயிருந்தது. அமிர்தலிங்கம் ரசம் சோறும் கூட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். “நீயும் போட்டுக்கிட்டு உக்காரு” என்று நகர்ந்து இடம் விட்டார். அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதைத் தின்கிறோம் என்று தெரியாமலே தின்றாள்.

“ராத்திரி தங்கிட்டுக் காலையில போங்கப்பா.”

“தண்ணி எப்ப வந்து நிக்கும்னு தெரியாதும்மா. நாத்தங்கால் வேல கெடக்கு.”

சாயங்காலம் கிளம்பும்போது ராஜராஜன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அமிர்தலிங்கம் அவரைப் பேசி முடிக்க விடவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. விருந்து ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு கொறையும் இல்ல” என்று கும்பிட்டார். கயல்விழி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வேறென்ன சொல்லியிருப்பார் என்றும் தோன்றியது.

பரணிதரன் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான். “குத்தாலத்துல இல்ல, மாயவரம் வரைக்கும் கொண்டுபோய் பஸ்ல உக்கார வெச்சுட்டு வர்றேன்” என்றான் அவளிடம், கண்ணைப் பார்க்காமல். அவள் தலையாட்டினாள். பைக் வாய்க்கால் கரை திரும்பி மறைந்த பிறகு அறைக்கு வந்தாள். கட்டிலில் யாருடைய பிள்ளையோ தூங்கிக்கொண்டிருந்தது. கீழே சிதறிக் கிடந்த படங்களைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பாயைக்கூட விரிக்காமல் தரையில் படுத்தாள். வெளியே பாத்திரம் கழுவ அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அவள் தூங்கிப்போயிருந்தாள்.