மூன்றாவது பிஸ்டன்

என் கணவருக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிப் போனதிலிருந்து எங்கள் பட்டறையில் எல்லா வாத்தியமும் சத்தம் போட்டது, இவருடைய டிரம்பெட்டைத் தவிர. பித்தளை வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஒடுக்கு எடுப்பேன், விட்டுப்போன குழாயைப் பற்றவைப்பேன். மனுஷன் உதட்டைப் பற்றவைக்கத்தான் வழி தெரியவில்லை.

இன்று பேண்டு மாஸ்டர் வருகிறார். இவர் ஊதுவதைக் கேட்டுவிட்டு, பேண்டில் இவர் இடத்தை இவருக்கே வைப்பதா, வேறு ஆளைப் போடுவதா என்று சொல்லிவிடுவார். அதனால் காலையிலேயே டிரம்பெட்டைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குழாய்க்குள் பிரஷ் விட்டு அழுக்கெடுத்து, விரலால் அழுத்தும் மூன்று பிஸ்டனுக்கும் எண்ணெய் போட்டுப் பூட்டினேன். கண் வாசலிலேயே இருந்தது.

இவர் வாயில் வைத்து ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு முனகல்கூட இல்லை.

“முடிஞ்சு போச்சு,” என்றார். “உதடு செத்துப் போச்சுடி.”

“வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்க. குடுங்க இப்படி.”

நான் ஊதினேன். எனக்கும் காற்று போகவில்லை, முட்டி நின்றது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒவ்வொரு பிஸ்டனிலும் ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். இடம் மாறினால் காற்றுக்கு வழியே கிடையாது. கழற்றினேன். ஒன்றாவதின் இடத்தில் மூன்றாவது உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் தொழில் பார்த்தவளின் புத்தி புல் மேயப் போயிருந்தது.

“உங்க உதட்டுல ஒண்ணுமில்ல. என் பாழாப்போன கைதான் மாத்திப் போட்டிருக்கு!”

கோணலாகச் சிரித்தார். “பெரிய மெக்கானிக்கு! மொதல்ல வாசல்ல இருக்கிற போர்ட கழட்டு.”

சரியாகப் போட்டுக் கொடுத்தேன். ஊதினார். இப்போது காற்று தாராளமாகப் போனது. காற்று மட்டும்தான் போனது. மீதி இடது கடைவாயில் புஸ்ஸென்று கசிய, எச்சில் மோவாயில் வழிந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும். நான் துணியை நீட்டியதை இவர் பார்க்கவே இல்லை.

“இன்னும் ஏதாவது மாறிக் கெடக்கா பாரு,” என்றார். “பாரேன். இருக்கும்.”

எதுவும் மாறியிருக்கவில்லை. எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. வாசலில் மாஸ்டர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“இருங்க, பாக்கறேன்.”

மேசைப் பக்கம் திரும்பி, இவர் பார்க்காதபடி குனிந்துகொண்டு, ஒன்றாவதையும் மூன்றாவதையும் உருவி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுத் திருகினேன்.

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். இவர் ஊதினார். ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் வாங்கித் தானும் ஊதிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

“என்னம்மா இது, காத்தே போகல?”

“என் தப்புதான் மாஸ்டர். பிஸ்டன் வேலை இன்னும் முடியல. அடுத்த வாரம் வந்து கேளுங்களேன்.”

இவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்லாத் திட்டுங்க மாஸ்டர் இவள,” என்றார். “என் உதட்டுக்கு ஒண்ணுமே இல்ல.”