வடக்குச் சுவரின் சுண்ணாம்பு

எங்கள் பழைய மருத்துவமனையின் வடக்குச் சுவரை யாரும் சுரண்டுவதில்லை. காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதுமில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் அதன்மேல் மட்டும் சுண்ணாம்பைக் கூடுதலாகப் பூசிவிடுவோம்.

பெல்ஜியத்தின் ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஏழை நோயாளிகளுக்காக எழுந்த கட்டடம் அது. இப்போது அங்கே போக்கிடமற்ற முதிய பெண்களாகிய நாங்கள் வாடகையின்றி வாழ்கிறோம். சுண்ணாம்புக்கு அடியில் ஓவியம் இருக்கிறது. பக்கத்து ஊரில் இதுபோன்ற ஒன்று வெளிப்பட்டதும் டிக்கெட் கவுண்டர் வந்தது. அங்கிருந்த கிழவிகளை வெளியேற்றினார்கள்.

ஆகவே, நிர்வாகக் குழு அனுப்பிய கட்டடக் கலைஞன் யோரிஸ் அச்சுவரைத் தட்டிப் பார்த்தபோது எங்கள் காப்பிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

“இது மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பா இருக்கு?”

கேள்வியைவிட, பதிலுக்கு அவன் காத்திருந்த விதம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

“வடக்குச் சுவராச்சே தம்பி, குளிரும். போர்வை போத்தியிருக்கோம்,” என்றாள் ரெய்ன்ஹில்டெ.

அவன் சிரித்தான், கண் சிரிக்கவில்லை. பிறகு பென்சிலால் சுவரில் கதவளவு கட்டம் ஒன்று வரைந்தான்.

“மாடிக்கு லிஃப்ட் இங்கதான் வருது. எல்லாம் உங்க முழங்காலுக்காகத்தான். திங்கக்கிழமை உடைக்கிறோம். பழங்காலக் கட்டடம்கிறதால மத்த சுவரைத் தொட அனுமதி கிடைக்காது. இதுல ஒண்ணும் இல்லைன்னு குழுவுல உறுதியாச் சொல்லிட்டாங்க.”

“யாரு சொன்னது?” என்று கேட்டோம்.

அவன் வாய் திறக்குமுன் எங்கள் தலைகள் கோடெலீவ் பக்கம் திரும்பிவிட்டன. அவளுடைய அண்ணன் மகன் அக்குழுவில் இருக்கிறான்.

“ஏண்டி, மருமகன் காதுல நீதான் ஓதினியா?” ரெய்ன்ஹில்டெ அவள் காதோரம் சீறினாள்.

“ஆமா. வெறுஞ் சுவர்னு சொன்னேன். யாரும் தோண்டிப் பாத்துரக் கூடாதேன்னுதான் சொன்னேன்.”

“சரி, இனியாவது வாயை மூடு. லிஃப்ட் வரும், நாமளும் இருப்போம்.”

கோடெலீவ் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டுதோறும் அங்கே சுண்ணாம்பு பூசுபவள் அவள்தான். ஒருமுறை ஒரு சில்லு உதிர்ந்தபோது, ஓவியத்தில் மோவாய்வரை கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்த நோயாளியின் முகம் அவளை நோக்கியதாம். அன்றே அதை மூடிவிட்டாள். அந்த முகம் இப்போது கட்டத்துக்குள் இருந்தது.

“மூடி வெச்சது இடிக்கிறதுக்கு இல்லடி.”

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யோரிஸின் கண்ணெதிரே, கட்டத்தின் நடுவில் அதை வைத்துச் சுரண்டத் தொடங்கினாள்.