விளிம்பு பெயர்ந்த படிக்கட்டு

எழுதிப் பழக்கமில்லாத கை கதை எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பேசாமலிருக்க எவ்வளவோ முயன்றும் மனம் ஆறவில்லை.

புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வீடாகத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்து வந்தார் ஒரு தையற்காரம்மா. அங்கே மாடிப்படி ஒன்றின் விளிம்பு மழைக்காலத்திலேயே பெயர்ந்துவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் எல்லாரும் முறையிட்டார்கள். அவரும் எல்லாருக்கும் தலையாட்டினார். ஒரு வீட்டுத் திரைச்சீலைகளை அளவு திருத்துவதற்காகச் சுமந்துகொண்டு இறங்கிய தையற்காரம்மா, அந்த விளிம்பில் கால் வைத்து உருண்டார். வலது மணிக்கட்டு நொறுங்கி, உள்ளே தகடு வைக்க வேண்டியதாயிற்று. விரல்கள் ஊசியைப் பிடிக்க மறுத்தன.

மருத்துவச் செலவையாவது சங்கம் ஏற்கக் கூடாதா என்று கேட்கப் போனார். செயலாளர், “படி நல்லாத்தானே இருக்கு? உங்க நடைதான் சரியில்ல போல” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க மாட்டாமல்தான், கொத்தனாரான தம் கணவரையும் இழுத்துக்கொண்டு, மருந்துக் கடை மாடியிலிருந்த வக்கீலம்மாவிடம் போனார்.

“உடைஞ்ச படிய போட்டோ எடுத்தீங்களாம்மா?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“வலியில உயிர் போச்சு, போட்டோவா எடுப்பேன்? படி எங்க ஓடிடப் போகுது? நேர்லயே வந்து பாருங்க.”

கொத்தனார் தொண்டையைச் செருமினார். “அது... இப்ப அப்படி இல்ல.”

“எப்படி இல்ல?” என்று திரும்பினார் மனைவி.

“உன்னை ஆஸ்பத்திரியில சேர்த்த மறுநாளே போய்ப் பூசிட்டேன். சின்னப் பிள்ளைங்க ஓடற படி. இன்னொருத்தர் விழக் கூடாதுல்ல? பழசைக் கொத்தியெடுத்து, கலவை போட்டு, விளிம்பு பிடிச்சு...” அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. “ஒட்டுப்போட்டதே தெரியாது.”

“நம்ம வீட்டுச் சுவரு ஒரு வருஷமா பல்லை இளிக்குது. அதுக்கு மட்டும் கை வராது உங்களுக்கு!”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். “பூசினதை யாராவது பார்த்தாங்களா?”

“செயலாளர் கூடவே நின்னாரும்மா. டீகூட வாங்கிக் கொடுத்தாரு.”

தையற்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துட்டுத்தான் என் நடையைக் குறை சொன்னானா அந்த ஆளு?”

“வேணும்னா இப்பவே போய் உடைச்சிட்டு வரட்டுமா?” என்றார் கொத்தனார்.

“ஐயா சாமி, உங்களுக்கும் சேர்த்து என்னால வாதாட முடியாது” என்று கையெடுத்துக் கும்பிட்டார் வக்கீலம்மா. “குடியிருக்கறவங்கள்ல ஒருத்தர், ‘ஆமா, உடைஞ்சிருந்துச்சு’ன்னு சொல்ல வந்தாப் போதும். நோட்டீஸ் அனுப்பிடலாம்.”

கட்டுப்போட்ட கையோடு தையற்காரம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். அத்தனை பேருடைய அளவும் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒருவருக்கும் அந்தப் படி நினைவில் இல்லை. கடைசியாகத் திரைச்சீலைக்காரியின் கதவைத் தட்டினார்.

“நீங்க விழுந்தப்போ ஓடி வந்து தூக்கினதே நான்தானேக்கா. ஆனா கோர்ட்டு, கேஸுன்னா எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். செயலாளர் வேற எதிர் வீடு.” கதவைப் பாதி சாத்தியவள் மீண்டும் தலையை நீட்டினாள். “அக்கா, என் ரவிக்கைத் துணி உங்ககிட்டதானே இருக்கு? வேற ஆள்கிட்ட கொடுத்துக்கறேன்.”

நோட்டீஸ் போகவில்லை.

இழந்தவை: வலது மணிக்கட்டின் மடக்கம். ஆஸ்பத்திரிக் கடனுக்காக விற்ற தையல் மெஷின். அந்தக் குடியிருப்பின் வாடிக்கை முழுவதும். கொத்தனாரின் ஒரு நாள் கூலி, ஒரு சட்டி சிமெண்டு.