நாலு பேர் ரூம்

பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறை ஒன்றுக்கு நாலு பேர், ஆளுக்கொரு வாசல். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் ஓடுவதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருசமாக வேலை பார்க்கும் கற்பகவல்லியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லி என்ன செய்ய? இப்போது அவள் இருந்த அறையில் ஏழு பேர்.

எல்லாம் ஒரு ஆதார் நகலால் வந்த வினை. புதிதாகச் சேர்ந்த பாண்டிச்செல்வியோடு அறையில் இருந்த மற்ற மூவரும் திங்கட்கிழமை முழுக்கச் சிரித்துப் பேசி, அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பையும் ஒரு கை பார்த்தார்கள். செவ்வாயன்று ஆபீஸ் மேசையில் கிடந்த நகலில் அவளுடைய தெருப் பெயரைப் பேச்சியம்மாள் படித்துவிட்டாள். அவ்வளவுதான். பேச்சியம்மாள், கற்பகவல்லி, இன்னொருத்தி, மூவரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். கேட்டால், "அங்கன காத்து வரல." காற்று வாங்கத்தான் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களாம்! சாதி என்ற சொல்லை ஒருத்தியும் வாயில் எடுக்கவில்லை.

கற்பகவல்லிக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் பேச்சியம்மாள் அவளுக்கு அண்ணன் மனைவி. அவள் மகனுக்குத்தான் தன் மகள் ரோஷினியைக் கொடுப்பதாகப் பேச்சு. தை மாதம் கல்யாணம். வாயைத் திறந்தால் மகள் வாழ்க்கை என்னாகுமோ என்று பயந்தாள்.

வியாழக்கிழமை போர்மேன் முத்துக்கருப்பன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒத்த ஆளுக்கு ஒரு ரூமை விட முடியாதும்மா, சீசன் நேரம். நாளையில இருந்து வர வேண்டாம்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிரு. நீதான் தன்மையாப் பேசுவ."

போனாள். பாண்டிச்செல்வி தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பகவல்லி வாசலிலேயே நின்றாள்.

"எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியுதுக்கா," என்றாள் அவளே. "நான் போயிருதேன். எனக்காச்சும் இங்கன நாலு வாசல் இருக்கு. அங்கன ஏழு பேரு இருக்கீகளே, ஒண்ணுன்னா எப்படிக்கா வெளிய வருவீக? நான் போயிட்டா நீங்க மூணு பேரும் இங்கனயே வந்துக்கிடலாம்ல?"

செருப்பால் அடித்திருந்தால்கூட கற்பகவல்லிக்கு அப்படி வலித்திருக்காது. உடம்பெல்லாம் கூசியது. எதிரே உட்கார்ந்து, ஒரு மருந்துத் தட்டை எடுத்து மெல்லத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

போர்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"நான் இங்கனதான் உக்காருதேன். இவளை அனுப்புனா என்னையும் அனுப்பிருங்க. எதுக்கு அனுப்புனீகன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

அவர் நகர்ந்தார். பேச்சியம்மாள் சும்மா இருப்பாளா? பக்கத்து அறை வாசலில் நின்று கத்தினாள். "கற்பகம்! இதுக்குப் பெறகும் என் மகனுக்கு உன் வீட்டுல பொண்ணெடுப்பேன்னு நெனச்சியா?"

கற்பகவல்லி தட்டிலிருந்து கையை எடுத்தாள். பதற்றத்தோடு மருந்தைத் தொடக் கூடாது.

"கல்யாணத்தை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க மதினி," என்றாள். "அங்கன இன்னமும் ரெண்டு பேரு கூடுதலா இருக்கீக. மொதல்ல வெளிய வாங்க."