மணி அடித்தால் மேலே பார்

கொல்கத்தாவில் அந்த கோல் விழுந்தபோது ஷாஹுல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்படியே முடிந்திருந்தால் ஒரு புள்ளி கிடைத்திருக்கும். அந்த ஒரு புள்ளி போதும், ஆரணியாறு ஸ்டீல் அணி அடுத்த ஆண்டும் நாட்டின் முதல் லீகிலேயே ஆடும். எதிரணியின் இடப்பக்க ஆட்டக்காரன் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து சும்மா ஒன்று உதைத்தான். வலுவில்லாத உதை. பந்து புல்லோடு புல்லாக உருண்டு வந்தது, குழந்தைகூடக் குனிந்து எடுத்துவிடும். அதே நேரம் மைதானத்துக்கு வெளியே, மரவரிசைக்கு அப்பால் போன டிராம் வண்டியின் ஓட்டுநர் காலால் மணியை மிதித்தார். டங், டங், டங். ஷாஹுலின் கால்கள் நின்றன. தலை தானாக நிமிர்ந்தது. மேலே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. கீழே பந்து அவன் இடது காலைத் தாண்டிப் போய் வலைக்குள் அடங்கியது.

ரயிலில் ஒரு பகலும் இரவும் யாரும் அவனோடு பேசவில்லை. கோச் வீரராகவன் மட்டும், விஜயவாடா தாண்டியதும், எதிர் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மேல இன்னாடா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாதத்தையா அவ்ளோ நேரம் பாத்துக்கினு இருந்த?"

ஷாஹுல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மணி அடித்தது சார், அதனால் பார்த்தேன் என்று எந்த கோல்கீப்பர் சொல்வான்? நாயுடுப்பேட்டை, சூலூர்ப்பேட்டை, ஆரம்பாக்கம். பிறகு கும்மிடிப்பூண்டியே வந்தது. அந்த ரயில் அங்கே நிற்காது. சிப்காட்டின் புகைபோக்கிகளும், அவர்கள் ஆலையின் துருப்பிடித்த நீலக் கூரையும், அதை ஒட்டிய மைதானத்தின் இரும்புக் குழாய்ப் படிகளும் சன்னலில் ஒரு வீச்சில் வந்து ஒரு வீச்சில் போயின. வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு சென்னை வரை போய், அங்கிருந்து மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம் திரும்பி வர வேண்டும். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் இருந்தது. எங்கே இறங்க வேண்டுமோ அங்கே வண்டி நிற்கவில்லை.

பன்னிரண்டு அணிகள், இருபத்திரண்டு ஆட்டங்கள். கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் கீழே இறங்கிவிட வேண்டும். சனவரியில் முதல் ஐந்து ஆட்டத்திலும் தோற்றார்கள். பிப்ரவரியில் பஞ்சாபில் பனிமூட்டத்துக்குள் ஆடி, யார் போட்டது என்றே தெரியாத ஒரு கோலில் வென்றார்கள். பிறகு ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமன் என்று நொண்டி நொண்டி ஏப்ரல் வந்து சேர்ந்தார்கள். இப்போது ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. சொந்த மைதானத்தில், கோவா அணியோடு. தோற்காமல் இருந்தால் போதும். தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாக ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் அனைவரும் முழு ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கையெழுத்தோடு போட்டிருந்தார்கள்.

ஏனென்றால் அவர்கள் எல்லோரும் அந்த ஆலையின் ஆட்கள். காலை ஆறு மணிக்கு வருகை அட்டையைக் குத்திவிட்டு உள்ளே போவார்கள். பதினொரு மணிக்குப் பயிற்சிக்கு விடுவார்கள். மற்றவர்களுக்கு ஸ்டோர், கேட், ஆபீஸ் என்று நிழலில் வேலை. ஷாஹுல் சேர்ந்த அன்று பர்சனல் ஆபீசர் அவனை மேலும் கீழும் பார்த்து, "கோல்கீப்பர்தானே, நின்ன எடத்துல நிக்கறவன்" என்று சொல்லி உருக்குக்கூடத்துக்கு அனுப்பினார்.

அங்கே தலைக்கு மேலே கிரேன் ஓடும். அதன் வட்டக் காந்தம் பழைய இரும்பை, உடைந்த அச்சு, நசுங்கிய டின், கழன்ற போல்ட்டு எல்லாவற்றையும் கொத்தாக ஒட்டவைத்துக்கொண்டு உலைக்குப் போகும். கிளம்புமுன் டிரைவர் காலால் மணியை மிதிப்பான். முதல் நாளே ஷாஹுலுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: மணி அடித்தால் நில், மேலே பார், சுமை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு காலை எடு. கொத்திலிருந்து ஒரு போல்ட்டு உதிர்ந்தாலும் போதும், ஹெல்மெட்டையும் கேட்காது. மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடம் அறிவை விட்டு இறங்கிக் கழுத்துக்குப் போய்விட்டது.

அவனுக்கு இருபத்தாறு வயது. பழவேற்காடு பஜாரில் வலையும் கயிறும் விற்கும் வாப்பா நூர் அகமதோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன். "பந்தப் புடிக்கறது ஒரு பொழப்பா? என் கடைக்கு வர்றவன் மீனயாச்சும் புடிக்கறான்" என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அணி கலைந்தால் இந்த வயதில், இந்தக் கோலுக்குப் பிறகு, எந்த அணியும் அவனைக் கூப்பிடாது. பதினொரு மணிக்கு வெளியே விடும் கதவு மூடிக்கொள்ளும். மீதி வாழ்நாள் முழுக்க அந்தக் காந்தத்தின் கீழே.

மறுநாள் கேன்டீனுக்குள் போகும்போது வசவுக்குத் தயாராகவே போனான். ஐம்பது பேரும் இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கிரேன் டிரைவர் கலியன்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான். எளாவூர்ப் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பையன், ஷாஹுலைவிட ஒரு வயது சின்னவன்.

"நாஷ்டா துண்ணு மச்சி. இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்க? டிராம் மணிதான?"

ஷாஹுல் திடுக்கிட்டான். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"டிவில கேட்டுச்சு. மணி அடிச்சதும் நாங்க அல்லாரும் மேல பாத்துட்டோம். மேல ஃபேன் ஓடிக்கினு இருந்துச்சு. கீழ பாத்தா கோலு."

சாம்பார் வாளியோடு வந்த மணியம்மாள் நின்றாள். "நான் ஒருத்திதான்டா பாத்தேன். அவன் வானத்தப் பாக்கறான், இவனுங்க ஃபேனப் பாக்கறானுங்க, பந்து பாவம் கேக்க ஆளில்லாம தானா உள்ள போச்சு."

முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு ஐம்பது பேரும். ஷாஹுலும் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவனுக்கு வேறொன்று உறைத்தது. மைதானத்துக்கும் உருக்குக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சொந்த மைதான ஆட்டங்களின்போது எப்போதும் இரண்டு மணி நேரம் உலையை நிறுத்திவைப்பார்கள். இந்த முறை அவசர ஆர்டர் இருக்கிறது, நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் நடக்கும் அந்த ஞாயிறு கலியனுக்குத்தான் ஷிப்டு.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தான். "மச்சி, அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் மணி அடிக்காம ஓட்டேன்."

கலியன் பூட்டைத் திறப்பதை நிறுத்தினான். "கீழ இரும்பு கூட்டற அப்பாவு நிப்பாரு. ரெண்டு பொண்ணு அவருக்கு. ஒன் கோலுக்காக அவர் தலைய வெக்கச் சொல்றியா?"

"இல்ல..."

"அப்ப வாய மூடு." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி போய்த் திரும்பி வந்தான். "அடிக்காம இருக்க முடியாது. வேணும்னா, நீ கேக்காத மாதிரி பண்ணிக்கலாம்."

ஸ்கிராப் குவியலில் கழித்துப்போட்ட பழைய கிரேன் மணி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து கோல் வலைக்குப் பின்னால் ஒரு மரச்சட்டத்தில் மாட்டினார்கள். ஷிப்டு முடிந்து கலியன் வந்து உட்கார்ந்து மிதிப்பான், கோச் உதைப்பார். விஷயம் புரிந்ததும் கோச் அந்த மணியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "முப்பது வருசமா ஆட்டம் பாக்கறேன், இப்பிடி ஒரு வியாதிய பாத்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தை வைத்தார்.

முதல் நாள் மணி அடித்த ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்தது. பந்து நெஞ்சில் அடித்தது, முகத்தில் அடித்தது. மூன்றாம் நாள் பாதி முறை. பந்தில் இருக்கும் தையலை மட்டும் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கழுத்து நரம்பு துடிக்கும். பல்லைக் கடித்துத் தலையைக் கீழேயே பிடித்துவைப்பான், திமிறும் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோல. இரவில் படுக்கையில் கால்கள் தாமாக உதறின. தெருவில் ஐஸ்காரன் மணி ஒலித்ததும் சோற்றுக் கையோடு கூரையைப் பார்த்தான்.

"இன்னாங்க, ஊட்டுக்குள்ள கிரேன் வுட்டுட்டாங்களா?" என்று கேட்டாள் அவன் மனைவி அஃப்ஸானா.

ஏழாம் நாள் அவள் வேண்டுமென்றே கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள், சனிக்கிழமை காலை, உருக்குக்கூடத்தில் ஷாஹுல் சிதறிக் கிடந்த இரும்பைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். மனம் மறுநாள் ஆட்டத்தில் இருந்தது. திடீரென்று எல்லாரும் கத்துவது கேட்டது. அப்பாவு அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவன் நின்றிருந்த இடத்தில் கையளவு அச்சுத் துண்டு ஒன்று விழுந்து, தரையைக் கொத்திவிட்டுத் துள்ளிப் போனது.

மேலே கிரேன் நின்றுவிட்டது. ஏணியில் கலியன் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது. வந்த வேகத்தில் ஷாஹுலின் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

"மூணு வாட்டி அடிச்சேன்டா. மூணு வாட்டி!"

"கேக்கல."

"கேட்டுச்சு. நீ பாக்கல." கலியன் அந்த அச்சுத் துண்டை எடுத்து வந்து அவன் கையில் திணித்தான். "நாந்தான் ஒனக்கு இத சொல்லிக் குடுத்தேன். பேஜாரா போச்சு. நாளைக்கு ஆட்டம் இருக்குன்னு வுடறேன். ஆனா ஆட்டமா இந்த வேலயா, ரெண்டுல ஒண்ணுதான் ஒனக்கு. ரெண்டயும் வெச்சுக்கினு இந்த மணிக்குக் கீழ வராத."

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. குழாய்ப் படிகளில் இரண்டாயிரம் பேர், எல்லாரும் ஆலை ஆட்கள். கோவாக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு விளையாடினார்கள். முதல் பாதியில் மணி நான்கு முறை அடித்தது, பந்து தொலைவில் இருந்தபோதெல்லாம். ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் தலைகள் நிமிர்ந்து, அசட்டுச் சிரிப்போடு இறங்கின. ஷாஹுல் ஒருமுறைகூட நிமிரவில்லை. இரண்டாம் பாதியில் அவன் கோல் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே கூண்டுக்குள் இருப்பதுபோல நடந்துகொண்டே இருந்தான். எழுபதாவது நிமிடம். எண்பது. கோல் இல்லை. படிகளில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் கோவாவின் முன்னாட்டக்காரன் ஒருவன் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே புகுந்துவிட்டான். அவனுக்கும் ஷாஹுலுக்கும் இடையில் யாரும் இல்லை. அவன் காலைப் பின்னால் வீசினான். சுவருக்கு அப்பால் டங், டங், டங்.

மைதானம் சட்டென்று அமைதியானது. ஷாஹுலுக்குக் கூட்டம் இல்லை, மணி இல்லை, பந்தில் ஒரு தையல் பிரிந்திருந்தது மட்டும் தெரிந்தது. இடப்பக்கம் பாய்ந்தான். நடுவிரலின் நுனி பட்டது. பந்து கம்பத்தை உரசிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனது.

இரண்டாயிரம் பேர் தலையை இறக்கியபோது அவன் தரையில் கிடந்தான். பந்து வலைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். "புடிச்சிட்டான்டா, முண்டங்களா!" என்று மணியம்மாளின் குரல் மட்டும் கேட்டது. அதன் பிறகுதான் கூச்சல் கிளம்பியது. மூன்று நிமிடம் கழித்து கடைசி விசில் ஒலித்தது.

அணி கீழே இறங்கவில்லை. கோச் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வாப்பா பழவேற்காட்டிலிருந்து போன் செய்தார். "டிவில வரலியே, நெசமாவா புடிச்ச?" என்றார்.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு ஷாஹுல் அட்டையைக் குத்தினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உருக்குக்கூடத்தின் வாசலுக்கு வந்தான். வழியில் நான்கு பேர் கைகொடுத்தார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கிரேனின் எல்லை. மேலே கூண்டுக்குள் கலியன் அவனைப் பார்த்துவிட்டான்.

ஷாஹுல் கோட்டைத் தாண்டி ஓரடி வைத்து நின்றான். தலை தானாக நிமிரட்டும் என்று காத்திருந்தான். நேற்றோடு ஆட்டம் முடிந்துவிட்டது, இனி நிமிரலாம் என்று கழுத்துக்குச் சொல்லிக்கொண்டான்.

மணி அடித்தது. அப்பாவு நின்று மேலே பார்த்தார். உலையடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஷாஹுலின் கண் தன் ஷூவின் முனையில் இருந்தது. ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் ஆன பிறகுதான், தானே பிடித்துத் தூக்குவதுபோலத் தலையைத் தூக்கினான்.

கலியன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுமை அசையவில்லை. கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலையை இடம் வலமாக ஆட்டினான்.

"இன்னாடா நிறுத்திக்கினு இருக்க? உலை காயுது!" என்று ஃபோர்மேன் கீழேயிருந்து கத்தினார். கலியன் மறுபடி மணியை மிதித்தான். டங், டங், டங். காந்தத்திலிருந்து ஒரு தகரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஷாஹுல் ஓரடி பின்னால் எடுத்து வைத்தான். மஞ்சள் கோடு அவன் காலுக்கு முன்னால் வந்தது. அதன் பிறகே கிரேன் நகர்ந்தது. அவன் தலையைக் கழற்றிவைக்க முடியாதவனாக ஹெல்மெட்டை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தை விட்டு வேறு வேலை கேட்பதற்கு, பர்சனல் ஆபீசர் எட்டரைக்கு வருவாரா ஒன்பதுக்கு வருவாரா என்று யோசித்தபடி, வாசலிலேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கத் தொடங்கினான். எட்டுத் தப்படி இந்தப் பக்கம், எட்டுத் தப்படி அந்தப் பக்கம். ஒரு கோல் கம்பத்திலிருந்து இன்னொரு கம்பம் வரைக்கும் அவ்வளவுதான் இருக்கும்.