ஏரிக்குள் நான்கு கழிகள்

பஞ்சநதம் ஏரிக்குள் நட்ட நான்கு மூங்கில் கழிகளிலும் சிவப்புத் துணியைக் கட்டியதில்தான் வினை தொடங்கியது. அவர் மன்னார்குடியில் விலங்கியல் பேராசிரியர். பங்குனியில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் வந்து, கழிகளுக்கு நடுவே சேற்றைச் சலித்து மட்டிச் சிப்பிகளை எண்ணிப் போவார். ஆண்டுக்காண்டு மட்டி குறைந்துகொண்டே வந்தது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு அது நல்ல செய்தி.

அந்த வருடம் சிவப்பை முதலில் பார்த்தவர் துரைராசு. நில உச்சவரம்புக்குப் பயந்து, தொழுவத்துக் காளையைத் தவிர மற்ற எல்லார் பெயரிலும் நிலத்தை எழுதிவைத்திருந்தவர். விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டு ஏரியைப் பிடித்துவிட்டார்கள் என்று போலீசோடு வந்துவிட்டார்.

"எந்தக் கட்சி நீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"விலங்கியலுங்க."

"அது எப்ப ஆரம்பிச்சாங்க?"

விளக்கி முடிப்பதற்குள் பேராசிரியருக்கு வேட்டி நனைந்துவிட்டது, ஏரித் தண்ணீரில்தான். சிவப்பு போய் வெள்ளைத் துணி வந்தது. ஆனால் வந்த போலீஸ் போகவில்லை. இனி ஏரிக்குள் யாரும் இறங்கக்கூடாது, ஆராய்ச்சிக்குத் தவிர, என்று உத்தரவு.

கரையில் நின்ற கூலிக்காரி அம்சத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அறுப்பு முடிந்தால் வயலில் கூலி கிடையாது. மறுபடி ஆற்றில் தண்ணீர் வரும்வரை அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் மட்டிதான் கறி; பல நாள் அதுவே சோறும்.

"ஒரு வருசம் பொறுத்துக்கம்மா," என்றார் பஞ்சநதம். "நீங்க அள்ளி அள்ளித் தின்னுதான் கொறையுது. சும்மா விட்டா பெருகிடும்."

"நான் பொறுத்துக்குவேன் சார். வயிறு பொறுக்குமா?"

சனங்கள் தின்பதால்தான் மட்டி அழிகிறது என்பது அவருடைய ஆய்வின் முடிவு. அதை நிரூபிக்கப் போலீசே துணைக்கு வந்தது அவருக்கு யோகமாகப் பட்டது. துரைராசுவின் வயலில் புது ரக நெல்லுக்கு அடித்த பூச்சிமருந்து, வடிகால் வழியே வெள்ளையாய் நுரைத்துக்கொண்டு ஏரியில் இறங்கியதை, அறுப்புக்கு முன் ஒருமுறை வந்தபோது அவரும் பார்த்திருந்தார். ஆய்வில் அதற்கு இடம் இல்லை. மதியச் சாப்பாடு துரைராசு வீட்டில்.

அந்தக் கோடையில் அம்சம் பிள்ளைகளுக்குக் கீரைத்தண்டை வேகவைத்துக் கொடுத்தாள். கடைசிப் பிள்ளைக்குக் கால் வீங்கியது. ஏரியில் மட்டி பெருகிக்கொண்டிருக்கும் என்று சொல்லித்தான் அதைத் தூங்கவைத்தாள்.

மறு பங்குனியில் பஞ்சநதம் சலித்தார். சல்லடையில் ஓடுகள் வந்தன, எல்லாம் வாய் பிளந்தவை. இடம் மாற்றிச் சலித்தார். ஓடுகள். துரைராசு வீட்டு மோர்ச் செம்பு கரையில் காத்திருந்தது.

"இப்ப யாரு சார் தின்னா?" என்றாள் அம்சம்.

அவர் வடிகால் பக்கம் திரும்பாமல் சல்லடையைக் கழுவினார்.

அம்சம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"ஏய், எறங்காதே!" போலீஸ்காரர் கத்தினார்.

அவள் கேட்கவில்லை. கால் விரலால் சேற்றைத் துழாவியபடி வெள்ளைத் துணிகளுக்கு நடுவே போனாள். மட்டியைக் கண்ணால் தேடுவதில்லை, காலால்தான். ஓடுகள் நொறுங்கும் சத்தம் கரைவரை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு கால் மட்டும், நொறுங்காத எதன் மேலோ, அசையாமல் அப்படியே ஊன்றியிருந்தது.

கத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் கரை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். அம்சம் குனிந்தாள். அவள் கை முழங்கைவரை சேற்றுக்குள் போனது.