சாட்சிப் பல்

சட்டைக் காலரைக் கோணலாகத் தைத்துவிட்டாள் என்று கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர் விட்டெறிந்த கத்தரிக்கோல், தனலக்ஷ்மியின் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோனது. தங்கவயல் சுரங்கத்தை மூடிய வருஷம் பெங்களூருக்குப் பிழைக்க வந்தவள் அவள். பக்கத்து மெஷின்களில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் வேலை வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே ஜீவனஹள்ளியிலிருந்து நடந்து, காக்ஸ் டவுனில் பல் டாக்டர் நோராவிடம் போனாள். நரம்பு தப்பிவிட்டது, பல் நிறத்திலேயே பசை வைத்து அடைத்துவிடலாம், உடைந்த இடமே தெரியாது என்றாள் நோரா. தனலக்ஷ்மிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குறுக்கே விழுந்தவன் தொழிற்சங்கத்து மதியழகன். சட்டத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவன்.

"யக்கா, பல்லைத் தொடாதே. நமக்கு அதான் சாட்சி. சரி பண்ணிக்கினு போய் நின்னா, எங்கேம்மா உடைஞ்சிதுன்னு கேப்பாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வினை.

சங்கம் லேபர் ஆபீஸில் புகார் கொடுத்தது. விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதிகாரிக்கு மாற்றல், சூப்பர்வைசருக்குக் காய்ச்சல், அப்புறம் தேர்தல். தனலக்ஷ்மி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசப் பழகினாள். வலி தாங்காமல் மறுபடி போனபோது நரம்பு செத்திருந்தது. வேர் சிகிச்சை செய்து, பல்லைச் சுற்றிச் சீவி, கேப் போடலாம் என்றாள் நோரா. சீவினால் உடைந்த அடையாளம் போய்விடுமே என்று தனலக்ஷ்மி எழுந்து வந்துவிட்டாள். மதியழகன் மெச்சிக்கொண்டான். அவன் பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது, மெச்சாமல் என்ன செய்வான்.

கடைசியில் முகம் கண் வரை வீங்கி, காய்ச்சலோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வேர் வரை உளுத்த பல்லை இனி எதை வைத்தும் நிறுத்த முடியாது. நோரா பிடுங்கிவிட்டாள். தனலக்ஷ்மி அதைக் கேட்டு வாங்கிக் கம்மல் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக விசாரணை வந்தது. கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்து, சொத்தைப் பல் என்றார். அதிகாரியும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சாட்சி சொல்ல வந்திருந்த நோராவிடம் ஒரே கேள்விதான்.

"இந்தப் பல்லை எடுத்தது யார் டாக்டர்?"

நோரா கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் போதும் என்றார் வக்கீல்.

"நான்தான்."

கேஸ் தள்ளுபடியானது. வாசலில் நோராவுக்குத் தனலக்ஷ்மியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பல் கட்டிவிடலாம், இரண்டு பக்கத்திலும் இருக்கும் நல்ல பல்லைக் கொஞ்சம் சீவினால் நடுவில் நின்றுகொள்ளும் என்றாள்.

தனலக்ஷ்மி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"வாணாம் டாக்டர். அதுங்க இன்னா தப்பு பண்ணிச்சி?"